எண்ணெய் ஆலைக் கழிவுநீரில் நச்சுச் சேர்மங்களைக் கண்டுபிடிப்பது எப்படி? பாட்டிலிலிருந்து தொடங்குவோம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வடசென்னையில் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கத்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். அவர்களால் அள்ள முடிந்தது மேலே மிதந்ததை மட்டும்தான். எண்ணெயோடு வரும் பென்சீனும் பீனாலும் தண்ணீரில் கரைபவை. தண்ணீர் தெளிந்துவிட்டதாகத் தெரிந்தாலும் அவை இருக்கலாம். அவற்றைத் தேடும் வேலையை முதன்முறையாகச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எதைத் தேடுகிறோம்?

சுத்திகரிப்பு ஆலைக் கழிவுநீரில் முக்கியமாக மூன்று கூட்டங்கள். ஒன்று, சட்டென்று ஆவியாகும் பென்சீன், டொலுயீன், சைலீன் வகை. கச்சா எண்ணெயிலிருந்து உப்பைக் கழுவி எடுக்கும் தண்ணீரில் இது அதிகம். இரண்டு, பீனால்கள், கனமான எண்ணெயை உடைக்கும் வினையூக்கிப் பிரிவிலிருந்து வருபவை. மூன்று, பல வளைய ஹைட்ரோகார்பன்கள்: அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனில் தொடங்கி, புற்றுநோய் தரும் பென்சோ(ஏ)பைரீன் வரை.

இந்தியாவில் 2008 முதல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு உள்ள வரம்பு, லிட்டருக்கு பீனால் 0.35 மி.கி., பென்சீன் 0.1 மி.கி., பென்சோ(ஏ)பைரீன் 0.2 மி.கி., எண்ணெய்ப் பசை 5 மி.கி.

2. மாதிரி எடுப்பது

இங்கேதான் பாதித் தவறுகள் நடக்கின்றன. பல லட்ச ரூபாய்க் கருவியாலும், பாட்டிலிலேயே தொலைந்துபோன பென்சீனைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பென்சீனுக்கு 40 மி.லி. கண்ணாடிக் குப்பி. உள்ளே முன்கூட்டியே சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிஎச் (அமில-கார அளவு) 2-க்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்னாது. தண்ணீரைக் குப்பியின் சுவரை ஒட்டி மெதுவாக விடுங்கள். விளிம்புக்கு மேலே தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்க வேண்டும். அப்படியே டெஃப்ளான் பதித்த மூடியைத் திருகி, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டுங்கள். பட்டாணி அளவுக்குக் குமிழி ஏறினால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றில் பிடியுங்கள். பென்சீன் தண்ணீரைவிட்டு அந்தக் காற்றுக்குள் போய்விடும்.

மற்ற இரண்டுக்கும் ஒரு லிட்டர் பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் 4 டிகிரியில் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒரு லிட்டர் மாதிரியை 7 நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும்.

மாதிரியை மோந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இந்தத் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அளவு கூடினால் அது மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். வாசனை போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்துவிடுவோம்.

3. பீனாலுக்கு ஒரு நிறச் சோதனை

பெரிய கருவி இல்லாத ஆய்வகத்திலும் செய்யலாம். மாதிரியை முதலில் வாலை வடிக்க வேண்டும், அதாவது கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும். வடிநீரின் பிஎச்சைக் காரப் பக்கம் கொண்டுவந்து 4-அமினோஆன்டிபைரினும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சேர்த்தால், பீனால் இருக்கும் அளவுக்கு நீர் சிவக்கும். ஒரு விஷயம்: பாரா-கிரெசால் போன்ற சில பீனால்கள் இதில் நிறமே தராது. சோதனை குறைவாகக் காட்டினால் பீனால் குறைவு என்று அடித்துச் சொல்ல முடியாது.

4. பிரித்தெடுப்பது

இது ஒரு லிட்டர் பாட்டில் மாதிரிக்கு. பென்சீன் குப்பிக்கு வழி வேறு, அதை இங்கே சொல்லவில்லை. மாதிரியை வடிகட்டிவிட்டுத் தொடங்காதீர்கள். பென்சோ(ஏ)பைரீன் தண்ணீரில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் கரையும். மீதியெல்லாம் எண்ணெய்த் துளியிலும் சேற்றுத் துகளிலும் ஒட்டிக்கொண்டு வரும். வடிகட்டினால், தேடி வந்ததே வடிதாளோடு குப்பைக்குப் போய்விடும்.

தண்ணீரைப் பிரிபுனலில் (அடியில் திறப்புக் குழாய் உள்ள கண்ணாடிப் புனல்) ஊற்றி, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய நாப்தலீனைத் தெரிந்த அளவில் இப்போதே சேருங்கள். கடைசியில் அதில் 60 சதவீதம்தான் திரும்பி வந்தால், வழியில் எவ்வளவு இழந்தோம் என்று தெரியும். அப்புறம் பிஎச்சை 11-க்கு மேலே ஏற்றி, 60 மி.லி. டைகுளோரோமீத்தேன் விட்டுக் குலுக்குங்கள். இடையிடையே குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். இந்தக் கரைப்பான் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். அதை வடித்து, மொத்தம் மூன்று முறை செய்யுங்கள். இதில் பல வளையச் சேர்மங்கள் வந்துவிடும். காரத்தில் பீனால் உப்பாக மாறித் தண்ணீரிலேயே நிற்கும். பிஎச்சை 2-க்குக் கீழே இறக்கி மறுபடி மூன்று முறை குலுக்கினால் அதுவும் கரைப்பானுக்கு வந்துவிடும்.

எண்ணெய்க் கழிவுநீரில் நடுவே மோர் போல ஒரு படலம் கட்டும். அவசரப்பட வேண்டாம். கொஞ்சம் உப்புப் போட்டுப் பாருங்கள். மசியாவிட்டால் கண்ணாடிப் பஞ்சு வழியாக விடுங்கள். எல்லாம் புகைக் கூண்டுக்குள்தான் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி). சாதாரண நைட்ரைல் கையுறையை டைகுளோரோமீத்தேன் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், மேலே சிந்தினால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

பிறகு நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் ஈரம் போக்கி, 1 மி.லி. ஆகச் சுண்ட வையுங்கள்.

5. ஜிசி-எம்எஸ்ஸில் அடையாளம் காண்பது

ஜிசி-எம்எஸ் என்பது கலவையில் உள்ள சேர்மங்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் நிறையையும் காட்டும் கருவி. திரையில் முதலில் தெரிவது ஒரு பெரிய மேடு. பிரியாத எண்ணெய்க் கலவை அது. நாம் தேடுவது அதன் மேல் நிற்கும் ஊசிகளை. நாப்தலீனுக்கு நிறை 128, பீனாலுக்கு 94, பென்சோ(ஏ)பைரீனுக்கு 252.

ஆனால் 252-ஐப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள். பென்சோ(இ)பைரீனுக்கும் அதே 252, நிறமாலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினி நூலகம் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் போடும். முதலாவது புற்றுநோய்க் காரணி என்று உறுதியானது, இரண்டாவது அப்படியல்ல. பிரித்துச் சொல்வது வெளிவரும் நேரம்தான். தூய சேர்மத்தை அதே நாளில் அதே கருவியில் ஓட்டி, நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மாதிரியில்லாமல் வெறும் சுத்தமான தண்ணீரையும் இதே படிகளில் ஓட்ட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது நான் அதைத் தவிர்த்தேன். நிறை 149-இல் ஓர் உயரமான ஊசி வந்தது. ஆலைக் கழிவில் தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பது) இருப்பதாக அறிக்கையே எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வெறும் தண்ணீரை ஓட்டினால் அதிலும் அதே ஊசி. கரைப்பான் ஊற்ற வைத்திருந்த பிளாஸ்டிக் கழுவு பாட்டிலிலிருந்து வந்தது அது. ஓர் ஆலை மேல் தப்பான பழி விழ இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கேட்காது.

6. எழுதி வைப்பது

எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எடுத்த இடம், மணி, வெற்று மாதிரியில் (அந்த வெறும் தண்ணீரில்) வந்த அளவு, திரும்பி வந்த சதவீதம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றும் தெரியாத இடத்தில் 0 போடாமல், உங்கள் கருவியால் காண முடிந்த மிகக் குறைந்த அளவைக் குறிப்பிட்டு "அதற்குக் கீழே" என்று எழுதுங்கள். சுண்ட வைத்ததில் மிச்சமிருக்கும் சாற்றை இறுக மூடி, தேதி ஒட்டி, வெளிச்சம் படாமல் குளிரில் வையுங்கள். யாராவது கேள்வி கேட்டால் 40 நாளுக்குள் திரும்ப ஓட்டிக் காட்டலாம்.