அம்மாவுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா): பிள்ளையிடம் என்ன சொல்வது?

"பக்கத்து வீட்டுக்காரி சோத்துல என்னவோ கலந்துட்டா" என்று அம்மா தட்டைத் தள்ளிவிடுகிறார். ஆறு வயசுப் பிள்ளை யாரை நம்பும்? "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ சாப்பிடு" என்று நாம் முடித்துவிட்டால், அம்மா பொய் சொல்கிறார் அல்லது அப்பா பொய் சொல்கிறார் என்றுதான் அதற்குப் படும்.

ஒருவர் மனதார நம்புவது தவறாகவும் இருக்கலாம் என்பது நாலைந்து வயதிலிருந்தே பிடிபடத் தொடங்கும். 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார்கள்: பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவனுக்குத் தெரியாமல் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும், கொஞ்சம் வளர்ந்தது பழைய அலமாரியைக் காட்டும். இந்தத் திறமையைத்தான் நீங்கள் பயன்படுத்தப்போகிறீர்கள்.

"அம்மா பொய் சொல்லலடா கண்ணு. அவங்களுக்கு நிஜமாவே அப்படித் தோணுது, அதான் பயப்படுறாங்க. அது நோயால வர்றது. சோறு நல்லாத்தான் இருக்கு, பாரு, நானும் சாப்பிடுறேன்." இவ்வளவு போதும். அம்மாவிடம் பிள்ளை முன்னால் வாதாட வேண்டாம், அவருக்குத் தலையாட்டச் சொல்லிப் பிள்ளையைப் பழக்கவும் வேண்டாம். நோயின் பேரையே சொல்லுங்கள். செய்வினை, பேய் என்று பேசும் சொந்தக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். "நீ பண்ற சேட்டைலதான் அம்மாவுக்கு இப்படி" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக் கூடாது.

அப்புறம் முகம். இந்த நோயில் பலருக்கு முகத்தில் உணர்ச்சி அவ்வளவாகத் தெரியாது, சில மருந்துகளும் அப்படிச் செய்யும். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடும், டீச்சர் லேசாக முகம் சுளித்தாலும் பயந்துவிடும். பஸ்ஸில் போகும்போது கேளுங்கள்: "அந்த அண்ணன் ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்காரு?" பசியா, தலைவலியா, சில்லறை கிடைக்கலையா என்று நாலு காரணம் யோசிக்கட்டும். ராத்திரி வடை திருடிய காக்கா கதை சொன்னால், நரி பாடச் சொன்னபோது காக்கா என்ன நினைத்தது, நரி என்ன நினைத்தது என்று நிறுத்திக் கேளுங்கள்.

அம்மா தேறியிருக்கும் நாளில், அவருக்கு விருப்பமிருந்தால், "அன்னைக்கு எனக்கு அப்படித்தான் தோணுச்சுடா" என்று அவரே சொல்லட்டும். நாம் பத்துத் தடவை சொல்வதைவிட அது எடுபடும்.

மாத்திரை போட்டாரா என்று பார்க்கும் வேலை பிள்ளைக்கு வேண்டாம். நிலைமை முற்றி அடிதடி ஆகும்போல இருந்தால் முதலில் பிள்ளையைச் சித்தி வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ அனுப்பிவிட்டு அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.