லிங்க்கைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்லுங்கள்

காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு என்று நாலா பக்கமிருந்தும் பஸ் ஏறி வேலூர்க் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள், போனை நம்மைவிட வேகமாகத் தட்டுவார்கள். ஆனால் 'உதவித்தொகை, இன்றே கடைசி நாள்' என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் சட்டென்று ஆதார் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். பாவமாக இருக்கிறது.

ஆசிரியர்களே, போலி லிங்க்கைக் கண்டுபிடிக்க வகுப்பில் சொல்லித்தர கம்ப்யூட்டரே வேண்டாம். கரும்பலகையில் இரண்டு முகவரிகளை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். ஒன்று 'ஸ்காலர்ஷிப்ஸ்.கவ்.இன்', மத்திய அரசின் உதவித்தொகைத் தளம். அடுத்தது 'ஸ்காலர்ஷிப்ஸ்.கவ்.இன்.ஏதோஒன்று.காம்'. எது அரசுடையது என்று கேளுங்கள்.

தபால் முகவரியை வைத்து விளக்கினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 'வேலூர் மெஸ், தி.நகர், சென்னை' என்றால் கடை எங்கே இருக்கிறது? சென்னையில்தானே! லிங்க்கும் அப்படித்தான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் (அது இல்லையென்றால் முகவரியின் முடிவில்) விரலை வைத்து, அங்கிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். அங்கே ஒரு புள்ளியும் அதையடுத்து 'கவ்.இன்' என்பதும் இருந்தால் அரசுத் தளம். முன்னால் என்ன பெயர் இருந்தாலும் கணக்கில்லை.

அப்புறம், பணம் பெற யுபிஐ பின் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை வகுப்பிலேயே எல்லோர் போனிலும் சேமிக்க வையுங்கள்.