ஐரிஷ் குடும்பப் பெயரைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள் (நான் செய்தவையும் சேர்த்து)

நான் இருப்பது அயர்லாந்தின் கார்க் நகரத்தில். கணவர் இந்த ஊர்க்காரர். கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டு முன்னோர்களைத் தேடித் தருகிறேன் என்று விளையாட்டாக ஆரம்பித்தது இன்னும் விடவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஒரு மேசை போட்டு, வம்சாவளி தேடி வருகிறவர்களுக்கு உதவுகிறேன்.

போன வாரம் ஒரு இளைஞர் பிரிண்ட் அவுட்டோடு வந்தார். "கண்டுபிடிச்சிட்டேன், இவர்தான் எங்க எள்ளுத்தாத்தா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பேர் அதேதானே" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே பதிலை இதே முகமலர்ச்சியோடு நான் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துக்கூட்டல் மாறும், ஓ, மேக் போன்ற முன்னொட்டுகள் ஒரு தலைமுறையில் உதிர்ந்து இன்னொரு தலைமுறையில் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

1901-க்கு முந்தைய சென்சஸைத் தேடி அலைவது

கிடைக்காது. முழுதாக மிஞ்சியவற்றில் மூத்தது 1901, அடுத்தது 1911. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. 1861, 1871 படிவங்களை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. 1921-இல் சண்டை நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. "1871 சென்சஸ்ல பார்த்தேன்" என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது அநேகமாக இங்கிலாந்து அல்லது ஸ்காட்லாந்துக் கணக்கு.

வயதை நம்புவது

மாமியாரின் தாத்தா ஜெரெமயா சல்லிவன். தேவாலய ஞானஸ்நானப் பதிவின்படி 1841-இல் பிறந்தவர். 1901 படிவத்தில் வயது 58, 1911 படிவத்தில் 72! பத்தே வருடத்தில் பதினான்கு வயது ஏறிவிட்டது. காரணம் எளிது. 1909 ஜனவரியில் முதியோர் பென்ஷன் வந்தது, 70 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறப்பை அரசு பதிய ஆரம்பித்ததே 1864-இல்தான் என்பதால் கிழவர்கள் யாரிடமும் சான்றிதழ் கிடையாது. நாடே ஒரே நாளில் மூத்துப்போனது. அதனால் 1901 வயதைக் கொஞ்சம் கூட்டியும் 1911 வயதைக் கொஞ்சம் குறைத்தும் பாருங்கள். அப்போதும் இரண்டு மூன்று வருடம் இடம் விட்டு வையுங்கள்.

பெயர் கிடைத்ததும் ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைப்பது

இதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம்.

சென்சஸ் போன இடத்தில் எல்லோரும் கிரிஃபித் மதிப்பீட்டைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நாடு முழுவதும் நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு, 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) அச்சிட்ட வரிப் பட்டியல் அது. நம் ஊர்ச் சிட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை வைத்திருப்பவர் பெயர், அவருக்குக் குத்தகை விட்டவர் பெயர், பரப்பு, வரிமதிப்பு. அவ்வளவுதான். மனைவி, பிள்ளைகள், வயது, உறவு எதுவும் இருக்காது.

ஜெரெமயாவின் கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயர் டேனியல். ஊர், கெரி கவுண்டியின் தெற்குக் கோடியில், பேரா தீபகற்பத்தில். அந்தப் பக்கம் சல்லிவன் என்பது குடும்பப் பெயரே அல்ல, மக்கள்தொகை என்று இங்கே கிண்டல் செய்வார்கள். கிரிஃபித்தின் தேடல் பக்கத்தில் பெயரைத் தட்டினேன். அந்த ஒரு பாரிஷில் (பல டவுன்லேண்டுகள் சேர்ந்த வட்டாரம்) மட்டும் நான்கு டேனியல் சல்லிவன். ஜெரெமயா 1901-இல் இருந்த டவுன்லேண்டுக்கு ஆகப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அவர்தான் என்று முடிவு கட்டினேன். ஏன் என்று என்னை நானே கேட்கவில்லை. (டவுன்லேண்ட் என்றால் டவுன் இல்லை. சில வயல்கள், சில வீடுகள் சேர்ந்த மிகச் சிறிய நிலப் பிரிவு. அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒரே பெயரில் பல இருக்கும்.)

பட்டியலில் அவர் நிலத்துக்கு எண் 7. மதிப்பீட்டோடு சேர்ந்த வரைபடத்திலும் எண் 7 இருந்தது. அதை இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தால் அதே இடத்தில் கூரை போன ஒரு கல்வீடு. இதற்கு மேல் என்ன வேண்டும்? மாமியாரைக் காரில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். மழைத் தூறலில் அந்த இடிந்த சுவரில் கை வைத்து அழுதார். முழங்கை அளவில் ஒரு கல்லைப் பெயர்த்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நானும் பெருமையாகப் போட்டோ எடுத்தேன். அந்த டேனியலின் வம்சம் என்று நினைத்துச் சான்றிதழாகக் காசு கட்டி வாங்கினேன். பதினொன்றோ பன்னிரண்டோ, எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் ரத்துப் புத்தகங்களைப் பார்க்க டப்ளின் போனேன். கிரிஃபித் அச்சான பிறகு நிலம் கை மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயர் எழுதிய கையெழுத்துப் பதிவேடுகள் அவை. நம்மூர் பட்டா பெயர் மாற்றம் போலத்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வேறு நிற மை, ஓரத்தில் வருடம். எண் 7-ஐப் பிரித்தேன். டேனியல் பெயரின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, 1850கள் முடிவதற்குள். அடுத்த பெயர் சல்லிவனே இல்லை. "வீடு இடிந்தது" என்று ஒரு குறிப்பு. அதற்குப் பிறகு அந்த எண்ணில் ஜெரெமயா வரவே இல்லை.

அந்தப் பக்க நிலமெல்லாம் லான்ஸ்டவுன் பிரபுவுடையது. பின்னால் அதே பரம்பரையில் ஒருவர் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார், 1888-இல். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் அந்த எஸ்டேட் தன் செலவிலேயே ஆயிரக்கணக்கான குடியானவர்களை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியது. என் தவறான டேனியலும் அதில் ஒருவராக இருந்திருக்கலாம். நான் மாமியாரை அழவைத்தது யாரோ ஒருவருடைய வாசலில்.

சரியான டேனியலைக் கண்டுபிடிக்க அரை நாள்தான் ஆனது. செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: 1901-இல் ஜெரெமயா வைத்திருந்த நிலத்தில் தொடங்கி, ரத்துப் புத்தகத்தில் நிறம் நிறமாகப் பின்னோக்கிப் போவது. 1880களில் பச்சை மையில் ஜெரெமயா, அதன் கீழ் அடிக்கப்பட்ட டேனியல். அங்கிருந்து கிரிஃபித் பக்கத்தின் அச்சுப் படத்தைத் திறந்தால், "சல்லிவன், டேனியல்" என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "ஜெரெ." என்று இருக்கிறது.

அந்த அடைப்புக்குறிதான் எல்லாமே. ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பிரித்துக் காட்ட அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ அடைப்புக்குறியில் போடுவார்கள். நம் இனிஷியல் செய்கிற வேலை. இனிஷியல் போட்டே வளர்ந்த நான் அதைக் கவனிக்காமல் விட்டேன் என்பதுதான் எரிச்சல். நான் பார்த்த தேடல் பட்டியலில் அது விடுபட்டிருந்தது, அச்சுப் பக்கத்தைத் திறக்க எனக்குப் பொறுமை இல்லை. இங்கே தலைமகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது பழைய வழக்கம். ஜெரெமயாவின் மகன் டேனியல், அவர் மகன் ஜெரெமயா. கண்ணெதிரே இருந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. 1820, 30களின் தசமபாகப் பதிவேட்டில், அதாவது அரசுத் திருச்சபைக்கு விவசாயிகள் கட்டிய வரிக் கணக்கில், அதே டவுன்லேண்டில் ஜெரெமயா யாருமில்லை. டார்பி சல்லிவன் இருந்தார். ஐரிஷ் மொழியில் டியர்மட் என்ற பெயரைத்தான் எழுதுகிறவர் மனம்போல ஜெரெமயா என்றும் டார்பி என்றும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆள் ஒருவரே.

ரத்துப் புத்தகத்தைக் கறுப்பு வெள்ளை நகலில் பார்க்காதீர்கள். எந்த நிறம் எந்த வருடம் என்று தெரியாவிட்டால் அது வெறும் கிறுக்கல். வட அயர்லாந்துப் பகுதிக்கு இந்தப் புத்தகங்கள் பெல்ஃபாஸ்ட்டில் இருக்கின்றன.

ஏக்கரை ஒப்பிடுவது

தசமபாகப் பதிவேட்டில் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர், கிரிஃபித்தில் சட்ட ஏக்கர். ஒரு ஐரிஷ் ஏக்கர் சுமார் 1.62 சட்ட ஏக்கர். நிலம் பெருகவில்லை.

பட்டியலில் இல்லாதவரைச் சாகடிப்பது

கிரிஃபித்தில் பெயர் இல்லையென்றதும் "பஞ்சத்தில் போயிட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். அண்ணன் வீட்டில் இருந்திருப்பார், பண்ணையில் கூலியாக இருந்திருப்பார். நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாதவர் அதில் வரமாட்டார். தசமபாகப் பதிவேட்டில் நகரவாசிகள் பெரும்பாலும் கிடையாது.

ஸ்மித் என்றால் ஆங்கிலேயர் என்று முடிவு கட்டுவது

காவன் கவுண்டியில் மேக் கவன் என்ற பழைய ஐரிஷ் குடும்பங்கள் ஏராளமாக ஸ்மித் ஆயின. கொல்லர் மகன் என்ற பொருளை அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். மேற்குக் கரையில் கானமாராவில் கிங் என்று இருப்பவர்களில் பலர் மேக் கான்ரீ. "ரீ" என்றால் ராஜா என்று யாரோ பெயர்த்துவிட்டார்கள். பெயரை மட்டும் பார்த்து இனம் சொல்லாதீர்கள், 1901 படிவத்தில் மதம், பேசும் மொழி இரண்டுக்கும் கட்டங்கள் இருக்கின்றன.

குடும்பச் சின்னம் வாங்குவது

வாங்காதீர்கள். சின்னம் தரப்பட்டது ஒரு நபருக்கு, குடும்பப் பெயருக்கு அல்ல.

சென்னையிலிருந்து தேடுகிறவர்கள்

பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து அவ்வப்போது எழுதுகிறார்கள். மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட்தான் பின்னால் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது, 1881-இல். கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் நேராக கிரிஃபித்துக்கு ஓடாதீர்கள். முதலில் படையில் சேர்ந்தபோது எழுதிய தாளைத் தேடுங்கள், பெரும்பாலும் பிறந்த ஊரோ கவுண்டியோ இருக்கும். ஊர் தெரியாமல் டப்ளின் வந்தால் என் மாமியாரைப் போலக் கல்தான் தூக்குவீர்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் அவசரப்பட்டுச் சொல்வது

விஷயம் தெரிந்ததும் ஒரு வாரம் தூக்கமில்லை. ஒரு ஞாயிறு மதியம் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். அது நம் வீடு இல்லை, நம் வீடு மலைக்கு அந்தப் பக்கம், இன்னொரு முறை கூட்டிப் போகிறேன் என்றேன். மாமியார் ஜன்னல் திட்டில் இருந்த கல்லைப் பார்த்தார். "ஏதோ ஒரு சல்லிவன் வீட்டுக் கல்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. விருந்தாளி வந்தால் எங்கள் பூர்வீக வீட்டுக் கல் என்றுதான் காட்டுகிறார், நான் டீ ஊற்றப் போய்விடுகிறேன்.