எக்செல்லில் பல செல்களில் உள்ளதை ஒரே செல்லில் சேர்க்க

பெயர் ஒரு செல், இனிஷியல் ஒரு செல், ஊர் இன்னொரு செல் என்று பிரிந்து கிடப்பதை ஒரே வரியாக்க, பலரும் ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே & குறி போட்டுக்கொண்டே போவார்கள். இரண்டு செல் என்றால் சரி. ஏழெட்டு என்றால் இடைவெளிக்கும் கமாவுக்கும் மேற்கோள்குறி போட்டே கை ஓய்ந்துவிடும். பழைய கான்கேட்டினேட் (CONCATENATE) ஃபங்ஷனிலும் இதே தொல்லைதான்.

எக்செல் 2019 முதல், செல்களைச் சேர்க்க டெக்ஸ்ட்ஜாயின் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் உண்டு.

=டெக்ஸ்ட்ஜாயின்(", ", ட்ரூ, ஏ2:எஃப்2)

(ஃபங்ஷன் பெயரையும் செல் முகவரியையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்: =TEXTJOIN(", ", TRUE, A2:F2)) முதலில் வருவது, நடுவே என்ன வர வேண்டும் என்பது. கடைசியில் செல்களின் வரம்பு. இடையில் உள்ள ட்ரூதான் இதன் அருமையே: காலி செல்களைத் தாண்டிப் போய்விடும். முகவரியில் இரண்டாவது வரி இல்லாதவர்களுக்கு ", , " என்று அசிங்கமாக வராது. ஃபால்ஸ் என்று கொடுத்தால் வந்துவிடும்.

தேதி இருந்தால் மட்டும் கவனம். எக்செல்லில் அப்படியே சேர்த்தால் 2025 ஜனவரி 1 என்பது 45658 என்று வந்து நிற்கும். முதன்முதலில் பார்த்தபோது ஃபைலே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்தச் செல்லை மட்டும் டெக்ஸ்ட்(சி2, "dd-mm-yyyy"), அதாவது TEXT(C2, "dd-mm-yyyy"), என்று தனியே எழுதிச் சேர்க்க வேண்டும்.

அப்புறம், பழைய பத்திகளை (column) நீக்கப் போகிறீர்களா? முதலில் விடைகளை நகலெடுத்து, 'வேல்யூஸ்' (ஃபார்முலா இல்லாமல் விடை) மட்டும் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் எல்லாமே பிழை காட்டும்.