ஆட்டு இதயத்தில் வால்வு மூடுவதைக் கண்ணால் பார்க்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் ஆட்டிறைச்சிக் கடைக்காரரிடம் முதல் நாளே இரண்டு இதயம் சொல்லி வையுங்கள். மாட்டு இதயம் பெரியது, பார்க்க வசதிதான். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் அதை உள்ளே கொண்டுபோக முடியாது. “மேல உள்ள குழாயைச் சீவிடாதீங்கண்ணே, நடுவுல கத்தி போடாதீங்க” என்று சொல்ல மறக்காதீர்கள். கீறல் விழுந்த இதயத்தில் தண்ணீர் நிற்காது. பெருந்தமனி இரண்டு விரல் அகலமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

கத்தரிக்கோல், 50 மில்லி சிரிஞ்சு, கையுறை, அகலத் தட்டு போதும். உள்ளே உறைந்த இரத்தக் கட்டிகளைச் சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு சிறு கட்டி சிக்கினாலும் இதழ்கள் பொருந்தாது. அமுக்கினால் கெட்டியாக இருப்பது இடப்பக்கம், தொளதொளப்பது வலப்பக்கம்.

இடது கீழறையிலிருந்து புறப்படும் தடித்த குழாய்தான் பெருந்தமனி. அதற்குள் தண்ணீர் ஊற்றுங்கள். கிளைக்குழாய் இருந்தால் விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிறை இதழ்களும் உப்பி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் நிற்கும். மட்டம் மெல்ல இறங்கினால் பதறவேண்டாம்: இதழ்களுக்குச் சற்று மேலே, இதயத் தசைக்கே இரத்தம் தரும் கரோனரித் தமனிகளின் துளைகள் உண்டு. மளமளவென்று இறங்கினால்தான் கட்டியோ கிழிசலோ.

அடுத்து இடது மேலறையை மேலிருந்து வெட்டித் திறந்து, ஈரிதழ் வால்வு வழியே கீழறையை நிரப்புங்கள். தண்ணீர் தடையின்றி இறங்கும். பிறகு கீழறையைச் சட்டென்று அமுக்குங்கள். இதழ்கள் குடைத்துணி போல் உப்பி மூடும்; தண்ணீர் பெருந்தமனி வழியே பீறிடும். மெதுவாக அமுக்கினால் மூடுமுன் மேலறைக்கே திரும்பிவிடும். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்.

மனித இதயம் நிமிடத்துக்கு 75 முறை துடித்தால் ஒரு சுழற்சி 0.8 விநாடி, கீழறைச் சுருக்கம் சுமார் 0.3. கீழறை அழுத்தம் மேலறையை மிஞ்சியதும் மேலறை–கீழறை வால்வுகள் மூடும்: ‘லப்’. இடது கீழறை அழுத்தம் பெருந்தமனியின் சுமார் 80 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால்தான் பிறை வால்வு திறக்கும். அதுவரை, கணநேரம், நான்கு வால்வுகளும் மூடியே இருக்கும், எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்கள் கோட்டை விடும் இடம். சுருக்கம் முடிந்து அழுத்தம் விழுந்ததும் பிறை வால்வுகள் மூடும்: ‘டப்’.

மேலறை–கீழறை வால்வின் இதழ்களைக் கீழறைத் தசையோடு கட்டியிருக்கும் வெள்ளை நாண்கள் வால்வை இழுத்து மூடுவதில்லை, இதழ் மேலறைக்குள் புரளாமல் தடுக்கின்றன. இரண்டாம் இதயத்தில் ஈரிதழ் வாய் வழியே கத்தரியை விட்டு இரண்டு மூன்று நாண்களை வெட்டி, மறுபடி அமுக்கிப் பாருங்கள். இதழ் புரண்டு தண்ணீர் பின்னால் பாயும். இதுதான் வால்வுக் கசிவு. கீழறைச் சுவரைக் கீறுவதைக் கடைசிக்கு வையுங்கள்.