புகாண்டா அரசர் வரிசையைத் தாய்க்குடியோடு சுவர்ப்படமாக வரைவது எப்படி

திருகோணமலையில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், வாசிகசாலைச் சுவரில் மாணவருக்குப் பயன்படும் ஒரு படத்தைத் தொங்கவிட நினைப்போருக்கும் இந்தக் குறிப்பு. புகாண்டா இன்றைய உகாண்டாவுக்குள் அடங்கும் ஓர் அரசு. வெள்ளையர் ஆட்சிக்கு முந்திய இத்தகைய கிழக்கு ஆபிரிக்க அரசுகளைப் பற்றிப் படம் வரைவோர் வழக்கமாக அரசர் பெயர்களை மேலிருந்து கீழே எழுதி, பக்கத்தில் ஆண்டைப் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த அரசுகளைத் தாங்கி நின்றவை குடிகள். எந்த அரசன் எந்தக் குடிப் பெண்ணின் மகன் என்று தெரியாமல் அரசுரிமைச் சண்டை ஒன்றுகூட விளங்காது. ஆகவே பெயருக்கு அடுத்த நிரலைத் தாயின் குடிக்கே ஒதுக்குங்கள். ஆண்டு மூன்றாவது நிரலில் வரட்டும்.

முதலில் சொல்லைச் சரிசெய்ய வேண்டும். புகாண்டா மக்கள் ‘எகிகா’ என்று சொல்வதைச் சாதி என்றோ இனம் என்றோ எழுதாதீர்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் வழங்கும் ‘குடி’ தான் மிக நெருங்கிய சொல். இரண்டிலும் ஒரே குடிக்குள் மணம் செய்ய முடியாது. வேறுபாட்டையும் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்: நம் கிழக்கில் குடி தாய்வழி வரும், புகாண்டாவில் தந்தைவழி. ஒவ்வொரு குடிக்கும் ‘முசிரோ’ எனப்படும் சின்னம் உண்டு. அது விலங்காகவோ மீனாகவோ காளானாகவோ இருக்கும். அந்தக் குடியினர் அதை உண்பதில்லை. இன்று 52 குடிகள் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் படத்தில் எல்லாவற்றையும் அடைக்க முயன்றால் ஒன்றையும் வாசிக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு போதும்.

குடியின் உட்பிரிவுகளை ஒரு மூலையில் படிப்படியாகக் காட்டலாம். எகிகாவுக்குள் ‘சிகா’, அதற்குள் ‘முதுபா’, அதற்குள் ‘லுன்யிரிரி’, கடைசியில் ‘என்ஜு’. சிகா என்றால் அடுப்புக் கல். முதுபா என்பது மரவுரி உரிக்கும் அத்தி இன மரம். லுன்யிரிரி வரிசை, என்ஜு வீடு. வீட்டுக்காரர் அன்றாடம் தொட்டுப் புழங்கும் பொருள்களின் பெயரையே உறவுக்கும் வைத்திருக்கிறார்கள். மாணவர் மனதில் இதுதான் முதலில் பதியும்.

பெயர் எழுதுவதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புகாண்டா என்பது நாடு, முகாண்டா ஒரு ஆள், பகாண்டா மக்கள், லுகாண்டா மொழி. முன்னொட்டு மாறினால் பொருள் மாறும். உகாண்டா என்பது பிற்காலத்தில் முழு நாட்டுக்கும் வந்த பெயர்; புகாண்டா அதற்குள் ஒரு பகுதி. நம் எழுத்தில் ‘ப’வும் ‘க’வும் இரண்டு ஒலிக்கு நிற்பதால், ஒரு பெயரை முதல் இடத்தில் எழுதியது போலவே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ‘கிந்து’ என்று நாம் எழுதும் முதல் அரசனை அங்கே ஏறக்குறையச் ‘சிந்து’ என்றே சொல்வார்கள். அவர்கள் மொழியில் ‘கி’ அப்படித்தான் ஒலிக்கும். ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டால் போதும்.

இனி அளவு. 1500 முதல் 1900 வரை 400 ஆண்டு. ஒரு சென்ரிமீற்றருக்கு ஐந்து ஆண்டு என்று வைத்தால் 80 சென்ரிமீற்றர் நீளம். இரண்டு பிரிஸ்டல் போட்களை நீளவாக்கில் ஒட்டினால் தாராளமாக இடம் வரும். முதலில் உறுதியான ஆண்டுகளை மட்டும் மையால் குறியுங்கள்: அகமது பின் இப்ராகிம் என்ற அரபு வணிகர் இரண்டாம் சூனாவின் அவைக்கு வந்த 1844, சூனா இறந்து முதலாம் முதேசா பட்டமேறிய 1856, ஆங்கிலப் பயணி ஸ்பீக் முதேசாவைக் கண்ட 1862, முதேசா இறந்த 1884, பிரித்தானியக் காப்பரசு வந்த 1894.

1844க்கு முன்னே எழுத்து இல்லை. தலைமுறையை எண்ணித்தான் போக வேண்டும். பெரும்பாலானோர் இங்கேதான் பிழைவிடுகிறார்கள். முதேசா 30ஆவது கபாகா; கபாகா என்பது புகாண்டா அரசரின் பட்டம். 30ஐ 27ஆல் பெருக்கி 810 ஆண்டு என்று எழுதிவிடுவார்கள். 27 என்பது ஒரு தலைமுறைக்கு உரிய சராசரி. ஓர் ஆட்சிக்கு உரியது அல்ல. அண்ணன் தம்பிமார் அடுத்தடுத்து ஆண்டால் அரசர் மூவர், தலைமுறை ஒன்றுதான்.

செய்து பாருங்கள். மட்டையில் 5.4 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். அது 27 ஆண்டு. 1856இல் வைத்துப் பின்னோக்கி நகர்த்துங்கள். முதேசாவின் தந்தை இரண்டாம் சூனா, அவர் தந்தை காமான்யா, அவர் தந்தை செமகூகிரோ. செமகூகிரோவும் அவருக்கு முன் ஆண்ட ஜுன்ஜுவும் சகோதரர். இருவருக்கும் தந்தை கியபக்கு. கியபக்குவுக்கு முன் ஆண்ட முதலாம் முவாங்காவும் நமுகாலாவும் அவருடைய சகோதரர்கள். 23ஆவது அரசர் முதல் 30ஆவது வரை எட்டுப் பேர், ஆனால் தலைமுறை ஐந்துதான். முதேசாவிலிருந்து கியபக்குவுக்கு நான்கு துண்டு, அதாவது 108 ஆண்டு. 1748க்கு வந்து நிற்கும். வழக்கில் உள்ள பட்டியல்கள் கியபக்குவை 1750 அளவில் வைக்கின்றன. எட்டு அரசர் என்று எண்ணி ஏழு துண்டு நகர்த்தியிருந்தால் 1667க்குப் போயிருப்பீர்கள்.

தலைமுறைக்கு 30 ஆண்டு என்று கொண்டால் அதே நான்கு தலைமுறைக்கு 1736 வரும். பன்னிரண்டு ஆண்டு வித்தியாசம், படத்தில் 2.4 சென்ரிமீற்றர். பத்துத் தலைமுறை பின்னே போனால் அது 6 சென்ரிமீற்றர் ஆகும். ஆகவே 1844க்கு முந்திய பெட்டிகளைப் பென்சிலால் வரைந்து, இரு முனையையும் மங்கலாக விடுங்கள். மையால் வரைந்த கோடு இல்லாத உறுதியைக் காட்டும். பிள்ளைகள் அதை அப்படியே பாடமாக்கிவிடுவார்கள்.

அடுத்தது தாய்க்குடி நிரல். மற்றவர்களுக்குக் குடி தந்தைவழி என்றாலும், அரச பிள்ளைகள் மட்டும் தந்தையின் குடியை எடுப்பதில்லை. தாயின் குடியையே எடுப்பார்கள். அதனால் எந்த ஒரு குடியும் அரியணையைத் தனக்கென்று பிடித்துவைக்க முடியவில்லை. ஒவ்வொரு குடியும் தன் பெண்ணை அரண்மனைக்குக் கொடுத்து, அவள் மகன் ஆள்வான் என்று காத்திருந்தது. இரண்டாம் சூனாவின் தாய் கன்யாங்கே, மம்பா குடி. மம்பா என்றால் நுரையீரல் மீன். முதேசாவின் தாய் முகன்சிர்வாசா, யானைக் குடி. இரண்டாம் முவாங்காவின் தாய் பகலயாசே, நீர்நாய்க் குடி. மூன்று ஆட்சி, மூன்று குடி. குடிக்கு ஒரு நிறம் கொடுத்து அரசன் பெட்டியின் இடது ஓரத்தில் பட்டையாகத் தீட்டுங்கள். நிறம் மாறிக்கொண்டே போவதைப் பார்த்தவுடனே விடயம் புரியும். தாய்க்குடி தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிறம் தீட்ட வேண்டாம்.

நான்காவது நிரல் தொழும்பு, அதாவது ஒவ்வொரு குடிக்கும் உரிய ஊழியம். கோணேசர் கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது எளிது. அக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு சொல்லும் குளக்கோட்டன் எந்த ஆண்டில் வாழ்ந்தான் என்று எவ்வளவு வாதாடினாலும் முடியாது. ஆனால் கோயில் தொழும்பில் எந்தக் குடிக்கு எது உரியது என்ற மரபு இங்கே உயிரோடு இருக்கிறது. கிந்துவையும் அப்படித்தான் அணுக வேண்டும். அவரைக் கால அளவுக் கோட்டில் வைக்காமல், மேலே தனிப் பெட்டியில் ‘மரபுத் தொடக்கம்’ என்று எழுதுங்கள். அவர் பெயரோடு வரும் குடி உரிமைகளை மட்டும் கீழே கொண்டுவாருங்கள். மம்பா குடித் தலைவரின் பட்டம் கபுங்கா. விக்டோரியா ஏரியில் அரசனின் தோணிப் படை அவர் கையில். குரங்குக் குடித் தலைவர் முகேமா, முடிசூட்டில் முதன்மையானவர். நீர்நாய்க் குடி அரண்மனைக்கு மரவுரி செய்தது.

பட்டியலைச் சரிபார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று அரசர் சமாதிகள். புசிரோ என்ற பகுதிப் பெயருக்கே சமாதிகளின் இடம் என்று பொருள். ஒவ்வொன்றையும் காக்கும் பொறுப்பு இன்னின்ன குடிக்கு என்று வகுத்திருந்தார்கள். பட்டியலில் ஒரு பெயர் இருந்து சமாதி இல்லை என்றால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

மற்றது கிரகணம். பக்கத்து அரசான புன்யோரோவின் அரசன் ஒலிமி, ந்கோரே என்ற இன்னோர் அண்டை நாட்டைக் கொள்ளையிட்டு மாடுகளோடு திரும்பும்போது பிஹார்வேயில் பட்டப்பகலில் இருண்டது, பயந்து மாடுகளை விட்டுவிட்டு ஓடினான் என்று மரபு சொல்லும். 1520 ஏப்ரல் 17இல் அந்தப் பகுதியில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. பலர் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வேறு கிரகணங்களைக் காட்டி வாதிட்ட ஆய்வாளரும் உண்டு; கதை ஒரு அரசனிலிருந்து இன்னொருவனுக்கு இடம் மாறுவதும் நடக்கும். 1520ஐப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

பக்கத்து அரசுகளை அதே மட்டையில் சேர்ப்பவர்கள் புருண்டியில் கவனம் வைக்க வேண்டும். அங்கே ந்தாரே, முவேசி, முதாகா, முவாம்புட்சா என்ற நான்கு பட்டப்பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். இரண்டு முவேசிகளை ஒருவராக எண்ணினால் ஒரு சுற்றே காணாமல் போகும். ருவாண்டாவில் ஒரே குடியில் ஹுட்டு, டுட்சி, துவா மூவரும் இருப்பார்கள். குடி நிறத்தை இன நிறமாக்கிவிட்டால் படம் முழுவதும் பொய்யாகும்.

கில்வா போன்ற கடற்கரை நகரங்களுக்கு வேறு மட்டை எடுங்கள். அவற்றுக்கு நாணயமும் அரபு எழுத்தும் உண்டு. 1331இல் கில்வாவைப் பார்த்த இபின் பதூதா, 1344இல் இலங்கைக்கும் வந்தவர். 1505இல் போர்த்துக்கேயர் அந்த நகரைச் சூறையாடினர்.

தொங்கவிடும்போது இரும்பு ஊசி குத்த வேண்டாம். நம் கடற்காற்றில் துருப்பிடித்து மட்டையில் கறை இறங்கும். மேலும் கீழும் மூங்கில் சட்டம் வைத்து நூலால் கட்டுங்கள். மாரிக்கு முன் சுருட்டிப் பொலித்தீன் உறையில் வையுங்கள். கச்சான் தொடங்கியதும் திரும்ப விரித்து, பென்சில் பெட்டிகளில் புதிதாகத் தெரிந்ததைத் திருத்தலாம்.