அப்ரண்டிஸ் பயிற்சி தேடும் பிள்ளைகளுக்கு எப்படி உதவலாம்?

விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறிய பட்டறைகளும் மின்பணி ஒப்பந்தக்காரர்களும் பல நேரம் விளம்பரமே கொடுப்பதில்லை. நேரில் வந்து கேட்கும் பிள்ளையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நேர்காணலில் அந்த வரிகளுக்கு விளக்கம் சொல்லப்போவது பிள்ளைதான். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேளுங்கள்: இதுவரை எதைப் பிரித்து மாட்டினாய், எதைச் சரிசெய்தாய், யாருக்கு உதவினாய்? 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதைவிட, நின்றுபோன மின்விசிறியை ஓடவைத்த கதை நன்றாக எடுபடும். செய்த வேலையின் புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய பலம் என்பேன்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைச் சேர்ந்து படியுங்கள். பயிற்சிக் காலம், உதவித்தொகை, வேலை நேரம், கற்றுத்தருபவர் யார், முடிவில் சான்றிதழ் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு தரமான அப்ரண்டிஸ் பயிற்சி பற்றி 2023-இல் ஏற்ற 208-ஆம் பரிந்துரையும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் உரிய ஊதியத்தையும் வலியுறுத்துகிறது. சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடு என்று யாராவது கேட்டால், ஒரு பைசாவும் கொடுக்காமல் வேறு இடம் பாருங்கள்.